கதையில் வருகிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார்?

பதிப்பகம், பத்திரிகை என்று யாரையும் எதிர்பார்த்து உட்காராமல், தானே எழுதி, தானே திருத்தி, தானே வெளியிடுகிறவர்கள் தொண்டியிலிருந்து சாயல்குடி வரைக்கும் நம் ராமநாதபுரம் கரையோரத்தில் இப்போது கண்ணில் படுகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஆனால் அந்தக் கதைகளைப் படிக்கும்போது ஒரே குறைதான் எனக்குத் திரும்பத் திரும்பத் தெரிகிறது. கதையில் வருகிறவர் எதை வைத்துப் பிழைக்கிறார் என்பது எழுதியவருக்கே சரியாகத் தெரிவதில்லை. ‘மீனவர்’ என்று ஒரு சொல் வந்துவிடும், கடல் வரும், அலை வரும், கண்ணீர் வரும். அவர் விசைப்படகில் பங்குக்குப் போகிறவரா, சொந்தமாக வல்லம் என்கிற நாட்டுப்படகு வைத்திருக்கிறவரா, கரைவலை இழுக்கிறவரா, எந்த வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார், இதில் ஒன்றுகூட இருக்காது. நல்ல பதிப்பாசிரியர் ஒருவர் இருந்தால் முதல் வாசிப்பிலேயே இதைக் கேட்டிருப்பார். நமக்கு அவர் இல்லை, அதனால் நாமேதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எழுத உட்காரும் முன்னால் ஒரு தாளில் முக்கியமான பாத்திரத்தின் வரவு செலவை எழுதிப் பாருங்கள். டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாம் கழித்து, படகுக்காரர் பங்கு போக, கையில் எவ்வளவு நிற்கும்? முன்பணம் வாங்கியவர் பிடித்த மீனை அந்த வியாபாரிக்குத்தான் கொடுக்க வேண்டும், அவர் சொல்கிற விலைக்குத்தான் கொடுக்க வேண்டும். பக்கத்து ஏலத்தில் அதே மீன் கூடுதலாகப் போவதைப் பார்த்துக்கொண்டே எடையில் வைக்கிற ஒரு ஆளை நினைத்துப் பாருங்கள், கதைக்கு வில்லன் தேட வேண்டியதில்லை. அந்த வியாபாரியும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை, என்ஜின் பழுதான போது காசு கொடுத்தவர் அவர்தானே.

கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. பள்ளிக்கூடம் திறக்கிறது ஜூனில். கட்டணம் கட்ட வேண்டிய நேரத்தில் படகு கரையில், வலை தைக்கக் காசு வேண்டும், அடகுக்கடையில் ஏற்கெனவே ஒரு சங்கிலி இருக்கிறது. ஒரு குறுநாவலுக்குத் தேவையான காலக்கெடுவும் நெருக்கடியும் இதிலேயே இருக்கின்றன. அரசு தருகிற நிவாரணத்தொகை எப்போது வரும் என்கிற பேச்சையும் சேர்த்தால், ஒரு தெரு முழுக்க நடமாட ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, பொதுவான வரியைக் கிட்டத்தில் நின்று பார்க்கிற காட்சியாக மாற்றுவது. ‘கடலோடு போராடும் பெண்’ என்று எழுதினால் வாசகர் கண்ணுக்கு எதுவும் தெரியாது. மன்னார் வளைகுடாப் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகிற பெண்களைப் பாருங்கள். சேலைக்கு மேல் சட்டையோ பனியனோ போட்டுக்கொண்டு, பாறை கிழித்துவிடாமல் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, பாசி போடப் பையையும் எடுத்துக்கொண்டு மூழ்குகிறார்கள். இதைத் தெரிந்து வைத்திருப்பது ஒரு படி. அடுத்த படியில் அதில் ஒரே ஒரு பொருளை எடுத்துக் கதைக்குள் வேலை செய்ய வைக்க வேண்டும். ‘துணி பத்தாமல் மகளின் நீலப் பாவாடையைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டாள், இடுப்புப் பட்டையில் பள்ளிக்கூடத்து முத்திரை இன்னும் அழியவில்லை’ என்று எழுதினால் போதும். மகள் படிப்பை விட்டுவிட்டாள் என்று தனியாகச் சொல்ல வேண்டாம், அம்மாவின் வருத்தத்துக்கு ஒரு பத்தி ஒதுக்கவும் வேண்டாம். அங்கிருக்கும் 21 தீவுகளையும் சேர்த்து 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அம்மாவும் பாட்டியும் போன அதே இடத்துக்கு இன்று போனால் வனத்துறைக்காரர் வருவாரோ என்று பயந்துகொண்டே மூழ்க வேண்டும். இந்தப் பயத்தையும் விரலில் சுற்றிய துணியையும் ஒரே காட்சியில் வையுங்கள், அவ்வளவுதான், உவமை எதுவும் தேடாதீர்கள்.

தகவல் பிழை ஒரு கதையை எவ்வளவு சீக்கிரம் கொல்லும் என்பதை உள்ளூர் வாசகர் முன்னால் படித்தால்தான் தெரியும். பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988-ல். ஆகவே 1975-ல் நடக்கிற கதையில் உங்கள் நாயகன் மதுரையிலிருந்து பஸ் ஏறி ராமேஸ்வரத்தில் போய் இறங்க முடியாது. அவன் ரயிலில்தான் கடலைத் தாண்ட வேண்டும், அந்த ரயில் பாலத்தை 1914-லேயே திறந்துவிட்டார்கள். 2025 ஏப்ரலில் புதிய ரயில் பாலம் திறந்துவிட்டார்கள், ஆக இன்றைய கதையில் ரயில் போகிற பாலம் வேறு. 2010-ல் நடக்கிற கதையில் 61 நாள் தடை என்று எழுதக் கூடாது, அப்போது 45 நாள்தான், 2017-ல்தான் கூட்டினார்கள். காற்றும் அப்படியே. வடகிழக்கிலிருந்து வாடை அடிக்கும் காலத்தில் கொந்தளிப்பது பாக் நீரிணைப் பக்கம், தென்மேற்கிலிருந்து கச்சான் அடிக்கும் மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கம். தேவிப்பட்டினத்தில் நடக்கிற கதைக்கும் வாலிநோக்கத்தில் நடக்கிற கதைக்கும் ஒரே கடலை எழுதினால் தொழிலுக்குப் போகிறவர் அடுத்த பக்கத்தைத் திருப்ப மாட்டார். ஒவ்வொரு கதைக்கும் ஒரு பக்கத்தில் காலக்குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: கதை நடக்கும் வருஷம், மாதம், காற்று, தடைக்காலமா இல்லையா, அந்த ஊருக்குச் சாலை இருந்ததா, கையில் செல்போன் இருந்ததா.

தனுஷ்கோடி பற்றி ஒரு வார்த்தை. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலும், அது அடித்துக்கொண்டு போன ரயிலும், இன்று நிற்கிற இடிந்த தேவாலயமும் யாரையும் எழுதத் தூண்டும், புரிகிறது. ஆனால் பாதிப் பேர் அந்த இடிபாட்டைப் படம் பிடிப்பதோடு நின்றுவிடுகிறார்கள். எழுதத்தான் வேண்டும் என்றால் புயலுக்கு அடுத்த மாதத்தை எழுதுங்கள். வீடு போனவர் எங்கே போய்க் குடிசை போட்டார், யார் இடம் கொடுத்தார்கள், வலையே இல்லாமல் எப்படித் திரும்பவும் தொழிலுக்குப் போனார் என்று வயதானவர்களிடம் உட்கார்ந்து கேளுங்கள். ஓடிக் கேட்டுவிட்டு வரக்கூடிய விஷயமில்லை இது, இரண்டு மூன்று தடவை போனால்தான் சமையல், கல்யாணம், சண்டை என்று பேச்சு தானாக வரும். கதைக்கு வேண்டியது அங்கேதான் இருக்கிறது.

பேச்சு மொழியை அளவோடு வையுங்கள். கதை சொல்கிற குரல் எளிய எழுத்துத் தமிழில் போகட்டும், ஆட்கள் மட்டும் தங்கள் ஊர்ப் பேச்சில் பேசட்டும்.

“மச்சான், பாடு எப்படி?”

“டீசலுக்கே தேறல.”

பாடு என்றால் அன்றைக்குக் கிடைத்த மீன். இந்த இரண்டு வரியில் ஊர், தொழில், கஷ்டம் மூன்றும் வந்துவிடுகின்றன. ‘அவுக கடலுக்குப் போயிருக்காக’ என்று மனைவி சொல்வது சரி, ஆனால் எல்லா வாக்கியத்திலும் உச்சரிப்பை அப்படியே எழுத்தாக்கினால் வெளியூர்க்காரர் தடுக்கி விழுவார். ஊர் ஊருக்கு முறை மாறும் என்பதையும் கவனியுங்கள். கீழக்கரை முஸ்லிம் வீட்டில் வாப்பா, காக்கா, லாத்தா என்று கூப்பிடுகிற பையனுக்கு அண்ணன், அக்கா என்று எழுதினால் அந்த வீடே அந்நியமாகிவிடும். உரையாடலை மட்டும் போனில் குரல் தட்டச்சு வழியாகச் சொல்லிப் பார்க்கலாம், வாயில் வராத வசனம் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.

இன்னொன்று, இதில் எனக்கு எந்தச் சமரசமும் கிடையாது. நம் ஊர்கள் சின்னவை. பெயரை மாற்றிவிட்டேன் என்பது போதாது. படகின் நிறம், எத்தனை பெண் பிள்ளைகள், எந்தத் தெரு என்று இரண்டு குறிப்பு இருந்தாலே யார் வீட்டுக் கதை என்று தெரிந்துவிடும். ஒருவர் உங்களை நம்பிச் சொன்ன கடன் கதையை, ஓடிப்போன மகளின் கதையை அப்படியே எழுதாதீர்கள். இரண்டு மூன்று பேரின் வாழ்க்கையைக் கலந்து, தொழிலை, ஊரை, முடிவை மாற்றி, அவரே படித்தாலும் ‘இது நானில்லை’ என்று சொல்லும்படி செய்யுங்கள். கதை இதனால் பலவீனமாகாது, அந்த இடத்தில்தான் உங்கள் கற்பனை வேலை செய்யத் தொடங்குகிறது.

முடித்த அன்றே வெளியிட வேண்டாம். பொத்தான் கையில் இருப்பதுதான் சுயமாக வெளியிடுகிறவருக்கு இருக்கிற பெரிய சோதனை. சில வாரம் தள்ளி வைத்துவிட்டு, சத்தமாக வாசியுங்கள். பெரும்பாலும் முதல் பத்தியை எடுத்துவிடலாம், கடல் வர்ணனையாகத்தான் இருக்கும். அப்புறம் இரண்டு பேரிடம் கொடுங்கள், ஒருவர் அந்தத் தொழில் தெரிந்தவர், இன்னொருவர் கடலையே பார்க்காதவர். முதலாமவர் எங்கே சிரித்தார், இரண்டாமவர் எங்கே குழம்பினார் என்பது மட்டும் போதும், நட்சத்திரமும் பாராட்டும் வேண்டாம். பிரதிலிபி என்கிற இணையக் கதைத் தளத்தில் தொடராகப் போடுவதாக இருந்தால் முழுக் கதையையும் எழுதி முடித்த பிறகே முதல் அத்தியாயத்தைப் போடுங்கள். நாலாவது அத்தியாயத்திலேயே ‘அவங்களைச் சேர்த்து வையுங்க’ என்று கருத்து வரும், கதை முடியாமல் இருந்தால் உங்கள் கை தானாக அந்தப் பக்கம் சாயும். வாசிப்பு எண்ணிக்கையை மாதம் ஒரு தடவை பார்த்தால் போதும், அதைத் தினமும் பார்க்கிறவருக்கு அடுத்த கதை எழுத மனசு நிற்காது.

வெளியீட்டு விஷயங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமேசான் கிண்டிலில் தமிழ் மின்னூல் நீங்களே போடலாம். கேடிபி செலக்ட் என்கிற அமேசான் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறு எங்கும் இருக்கக் கூடாது, பிரதிலிபியில் இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். எழுதிய கணத்திலிருந்து காப்புரிமை உங்களுடையது, பதிவு கட்டாயமில்லை. புத்தகத்துக்கான அடையாள எண்ணாகிய ஐஎஸ்பிஎன்னை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது, அதற்குக் காசு கேட்கிறவரிடம் கொடுக்காதீர்கள். சினிமாப் பாட்டு வரிகளைக் கதையில் போடாதீர்கள், உரிமை வேறு ஒருவருடையது, ‘டீக்கடையில் ஒரு பழைய பாட்டு ஓடியது’ என்றாலே காட்சி வந்துவிடும். அச்சிடுவதாக இருந்தால் அச்சகத்தில் 16 பக்கம் ஒரு ஃபாரமாகக் கணக்கு, 163 பக்கம் வந்தால் அந்த மூன்று பக்கத்தைச் சுருக்கி 160-க்குள் கொண்டு வாருங்கள், காசும் மிச்சம், கதையும் கொஞ்சம் இறுகும். தேவைக்கேற்ப அச்சிடும் முறையில் முதலில் ஒரே ஒரு பிரதி வாங்கி, பேனாவோடு உட்கார்ந்து கடைசி வரை படித்துவிட்டு மீதிப் பிரதிகளை அச்சடிக்கச் சொல்லுங்கள்.