வத்தல்மலை இறக்கத்தில் பிரேக் பஞ்சானது: சரிசெய்த விதம்

தருமபுரியிலிருந்து தனியாகக் காரில் வத்தல்மலை ஏறி, காப்பித் தோட்டமும் மிளகுக் கொடியும் பார்த்துத் திரும்பினால் மனசு லேசாகிவிடும். கவனம் வேண்டியது இறக்கத்தில்தான். எனக்குப் பாதி வழியில் கருகிய வாடை வந்தது, பெடல் மெத்தென்று உள்ளே போனது.

முதல் கியருக்கு இறக்கி, அகலமான இடத்தில் ஓரங்கட்டினேன். ரிவர்ஸ் கியர், முன் சக்கரத்துக்குக் கல், 40 நிமிடம் ஓய்வு. சக்கரத்தோடு சுழலும் சூடான பிரேக் தட்டில் (டிஸ்க்) தண்ணீர் ஊற்றவே கூடாது, கோணிவிடும்.

தப்பு இரண்டு. நான்காம் கியரில் பெடலை மிதித்தபடியே இறங்கியது ஒன்று. பிரேக் ஆயில் மூன்று வருஷமாக மாற்றாதது இன்னொன்று. அந்த ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறினால் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். கொதித்து வரும் ஆவிக்குமிழி அமுங்குவதால்தான் பெடல் பஞ்சாகிறது.

ஆயில் மாற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க, மற்றவர் சக்கரத்தருகே பிரேக்கில் உள்ள நிப்பிளை (ஆயில் வெளியேற்றும் சிறு திருகு) திறக்க வேண்டும். தேநீர் நிறத்தில் பழைய ஆயில் குழாயில் வரும். நிப்பிளை மூடிய பிறகே காலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் காற்று புகுந்துவிடும். மேலே பிரேக் ஆயில் தொட்டி வற்றவும் விடக்கூடாது.

இப்போது ஏறிய கியரிலேயே இறங்குகிறேன். வளைவுக்கு முன் அழுத்தமாக ஒரு மிதி, உடனே விடுதல். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுகிறேன். கண்ணாடி இறக்கியே இருக்கும்: கீழிருந்து வரும் ஹாரனும் கேட்கும், மலைக்காற்றும் வரும்.