தென்னந்தோப்புக்குள் ஃபிக்ஸ் ஆகாத ரோவர்: என் அனுபவம்

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு அளக்க ரோவருடன் போயிருந்தேன். ரோவர் என்பது செயற்கைக்கோள் சிக்னலை வைத்து இடத்தைச் சில செ.மீ.க்குள் சொல்லும், கம்பத்தில் பொருத்திய ரிசீவர். சர்வே கல்லின் தலையில் கீறியிருந்த பிளஸ் குறியில் கம்பத்தின் முனையை வைத்து, குமிழை நடுவில் நிறுத்திப் பார்த்தால் கன்ட்ரோலர் (கையில் வைத்திருக்கும் திரை) பத்து நிமிடமாக ஃப்ளோட் என்றே காட்டியது, அதாவது இடம் இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால்தான் ஃபிக்ஸ் என்று வரும். இரண்டு தடவை எடுத்ததில் 60 செ.மீ. வித்தியாசம். எல்லைத் தகராறு இருக்கிற இடத்தில் அது ஒரு வரப்பு அகலம்.

என்னிடம் இருந்தது எல்1 என்ற ஒரே அலைவரிசையை மட்டும் பிடிக்கும் கருவி, விலை குறைவு என்று வாங்கியது. வெட்டவெளியில் நன்றாகவே வேலை செய்யும். ஓலைக்கு அடியில் பாதி சிக்னல் மறைந்துவிடும், மீதி மரத்தில் பட்டுச் சுற்றிக்கொண்டு வரும். எல்1, எல்2, எல்5 மூன்று அலைவரிசையும், ஜிபிஎஸ், குளோனாஸ், கலிலியோ, பெய்டூ என்ற நான்கு செயற்கைக்கோள் அமைப்பும் பிடிக்கும் ரோவருக்கு மாறினேன். அதையும் கடையில் பார்த்து வாங்கவில்லை, அதே தோப்பில் அதே கல்லில் வைத்துக் காட்டச் சொல்லி, அப்புறம்தான் பணம் கொடுத்தேன். கம்பம் சாய்ந்திருந்தாலும் கணக்குப் போட்டுக்கொள்ளும் சாய்வு சென்சாரைவிட, திருத்தம் வாங்கும் ரேடியோ முக்கியம். செல்போன் டவர் எட்டாத தோப்பில் இன்டர்நெட் வழியாகத் திருத்தம் வராது, சொந்த பேஸ்தான் (ஒரே இடத்தில் நிறுத்தி, ரோவருக்கு ரேடியோவில் திருத்தம் அனுப்பும் இன்னொரு ரிசீவர்) கை கொடுக்கும்.

இப்போதும் ஃபிக்ஸ் வந்தவுடன் நம்புவதில்லை. ரிசீவரை அணைத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பேன், 3 செ.மீ.க்குள் ஒத்தால் சரி. ஒத்துவராவிட்டால் வெளியே திறந்த இடத்தில் இரண்டு புள்ளி எடுத்து, அங்கிருந்து டோட்டல் ஸ்டேஷனில் (செயற்கைக்கோள் இல்லாமல் கோணமும் தூரமும் அளக்கும் கருவி) அளந்துகொண்டே தோப்புக்குள் போவேன். அன்று அந்தக் கல்லையும் அப்படித்தான் முடித்தேன்.