குழியாடியைக் கணினியால் சோதிக்கலாம்: பட்டாசலில் ஒரு கத்திமுனைக் கருவி

தொலைநோக்கிக்காக 150 மி.மீ. குழியாடியை வீட்டிலேயே தேய்த்து முடித்துவிட்டீர்களா? வளைவு சரியாக வந்திருக்கிறதா என்று வெறுங்கண்ணால் சொல்ல முடியாது. 1858இல் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ காட்டிய கத்திமுனைச் சோதனைதான் இன்றைக்கும் எளிய வழி: ஆடி திருப்பும் ஒளியைக் கத்திமுனையால் மறைத்து, ஆடியில் தெரியும் நிழலைப் பார்ப்பது. கத்தியை நகர்த்துவதையும் நிழலைப் பார்ப்பதையும் மட்டும் கணினியிடம் ஒப்படைக்கப்போகிறோம்.

முதலில் இடம். குவியத் தூரம் 1200 மி.மீ. என்றால் வளைவு மையம் 2400 மி.மீ. தள்ளி இருக்கும்; கருவி அங்கேதான் நிற்க வேண்டும். இதற்குத் திருநெல்வேலியின் பழைய வீடுகளைப் போல வாகானவை இல்லை. தார்சா, பட்டாசல் (கூடம்), இரண்டாம் கட்டு, அடுக்களை என்று ரயில்பெட்டி போல நேராகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஆடி இரண்டாம் கட்டில், கருவி பட்டாசலில். நடுவே யாரும் நடக்கக் கூடாது என்று வீட்டாரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்; நான் சொல்லாமல் பட்டிருக்கிறேன்.

அடுத்து கருவி. ஒரு சவர பிளேடு, அதையொட்டி எல்.இ.டி. விளக்கின் முன் மெல்லிய பிளவு, பின்னால் வெப்கேம். மூன்றும் ஒரே நகரும் பலகையில் இருக்க வேண்டும். பலகையை முன்னும் பின்னும் நகர்த்த எம்6 (6 மி.மீ.) திருகாணி, அடியடியாகச் சுழலும் ஸ்டெப்பர் மோட்டார், அதை இயக்க ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை. மோட்டாருக்குச் சுற்றுக்கு 200 அடிகள். எம்6 மரை சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். ஆக, ஓரடிக்கு 0.005 மி.மீ. ஆடிக்குப் பூச்சு வேண்டாம். வெறுங்கண்ணாடி திருப்பும் சுமார் 4 சதவீத ஒளியே போதும். வெப்கேமின் தானியங்கி வெளிச்சத் திருத்தத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நிழல் விழ விழக் கேமரா அதை வெளுத்துக்கொண்டே இருக்கும்.

பிளவின் பிம்பம் தாளில் கூர்மையாக விழும் இடத்தில் பிளேடை வைத்து, பக்கவாட்டில் மெல்லச் செலுத்துங்கள். திரையில் முழுநிலவாக ஒளிரும் ஆடி ஒரு பக்கமிருந்து இருளும். பிளேடு நகரும் திசையிலேயே நிழலும் நகர்ந்தால் கருவி ஆடிக்கு மிக அருகில் இருக்கிறது. எதிர்த்திசை என்றால் தள்ளி இருக்கிறது.

இனி அளவு. படத்தில் மையத்திலிருந்து 25, 50, 70 மி.மீ. ஆரங்களில் இடமும் வலமும் சிறு கட்டங்களைக் குறியுங்கள். மோட்டார் 10 அடிக்கு ஒருமுறை நின்று படமெடுக்கட்டும். நிற்கும் இடத்திலெல்லாம் பிளேடு ஒளியைப் பாதி மறைக்கும்படி சரிசெய்ய வேண்டும். இரு கட்டங்களும் ஒரே வெளிச்சம் காட்டும்போது பலகை நிற்கும் இடமே அந்த ஆரத்துக்கான அளவு. ஆரத்தின் வர்க்கத்தை 4800ஆல் (2400இன் இரு மடங்கு) வகுத்தால், ஆடிக்கு வேண்டிய வடிவமான பரவளையத்துக்கு வரவேண்டிய எண்கள் மி.மீ.யில் கிடைக்கும்: 0.13, 0.52, 1.02. முதலுக்கும் கடைசிக்கும் வித்தியாசம் 0.89 மி.மீ. இருக்க வேண்டும். நீங்கள் அளந்தது அதைவிடக் குறைந்தால் இன்னும் தேய்க்க வேண்டும், கூடினால் மிஞ்சிவிட்டீர்கள். மரையில் இளக்கம் இருக்கும் என்பதால் எப்போதும் ஒரே திசையிலிருந்து நெருங்குங்கள்.

பலர் சறுக்குவது இதற்குப் பிறகுதான். தேய்த்த கையோடு ஒரு மத்தியானத்தில் மூன்று முறை அளந்தேன்; மூன்று விடைகள், ஒவ்வொன்றும் மூன்று தசம இடம் வரை சுத்தமாக! கணினி அளந்தது கண்ணாடியை அல்ல, காற்றை. ஒளிப்பாதையில் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள், அதன் சூடு திரையில் புகையாக நெளியும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஆனி, ஆடி மாதக் காற்றுக்கு ஜன்னலையும் சாத்துங்கள். ஆடியை இரவெல்லாம் அதே இடத்தில் ஆறவிட்டு விடியற்காலையில் அளப்பதுதான் என் வழக்கம்.

கடைசியாக, ஆடியை 90 பாகை திருப்பி மறுபடி அளவெடுங்கள். ஆடியோடு பிழையும் திரும்பினால் குறை கண்ணாடியில். திரும்பாவிட்டால் குறை ஆடியைப் பிடித்திருக்கும் தாங்கியில்; அதன் திருகைக் கொஞ்சம் தளர்த்துங்கள்.