லைடன் நகரின் சுவர்களைப் படிக்கும் முறை: முதன்முறை செல்வோருக்கான நடைவழி

நெதர்லாந்தின் லைடன் நகரில் நூற்றுக்கும் மேற்பட்ட கட்டடங்களின் வெளிச்சுவர்களில் பல மொழிக் கவிதைகள் கையால் தீட்டப்பட்டுள்ளன. அவற்றையும் நகரின் பழஞ்சின்னங்களையும் ஒரே நடையில் காண விரும்புவோருக்குக் கீழ்க்காணும் வரிசை வசதியானது. எல்லாக் கவிதைகளையும் ஒரே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம்; பத்துப் பன்னிரண்டை நின்று படித்தாலே போதும்.

படி 1: ரயில் நிலையத்திலிருந்து நகருக்குள் நடந்தால் முதலில் எதிர்ப்படுவது 1743இல் கட்டப்பட்ட டி வால்க் காற்றாலை. இப்போது அது அருங்காட்சியகம்.

படி 2: அடுத்து, புர்ஹாவ அறிவியல் அருங்காட்சியகத்தின் சுவரில் ஐன்ஸ்டைனின் ஈர்ப்புச் சமன்பாட்டைப் பாருங்கள். கவிதைகளைத் தொடர்ந்து இயற்பியல் சூத்திரங்களையும் 2015 முதல் இந்நகரத்தார் சுவரேற்றி வருகிறார்கள்.

படி 3: ராப்பன்பர்க் கால்வாய்க்கு வாருங்கள். 1575இல் நிறுவப்பட்ட லைடன் பல்கலைக்கழகத்தின் பழைய கட்டடம் இங்குதான் உள்ளது. சோழர் காலத்து ஆனைமங்கலச் செப்பேடுகள் நெடுங்காலம் இப்பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பில் இருந்ததால்தான் ‘லைடன் செப்பேடுகள்’ என்று அழைக்கப்படலாயின. இக்கால்வாயின் 30ஆம் எண் வீட்டில் ஷேக்ஸ்பியரின் 30ஆம் சானெட்டை (பதினான்கு வரிக் கவிதையை) எழுதியிருப்பது ஓவியர்களின் குறும்பாகவே எனக்குப் படுகிறது. அருகிலுள்ள நியூஸ்டேக் சந்தில் ரஷ்யக் கவிஞர் மரீனா ஸ்வெதாயெவாவின் கவிதை இருக்கிறது; 1992இல் இந்தச் சுவர்க்கவிதை வரிசையைத் தொடங்கிவைத்தது அதுதான். மொழி புரியாவிட்டாலும் முதலில் எழுத்துகளின் அமைப்பைப் பாருங்கள். பொருளை அறிய அருகிலுள்ள சிறு பலகையைப் பிறகு படிக்கலாம்.

படி 4: அந்தச் சந்தின் வழியே சென்று பீட்டர்ஸ்கெர்க் தேவாலயத்தைச் சுற்றி வாருங்கள். இத்தனை பெரிய கோயிலுக்குக் கோபுரம் இல்லையே என்று வியக்க வேண்டாம். அது 1512இல் இடிந்து விழுந்தது, மீண்டும் கட்டப்படவில்லை.

படி 5: பிரேஸ்ட்ராட் தெருவிலுள்ள நகர மண்டபத்துக்கு மட்டும் நேரத்தைத் தாராளமாக ஒதுக்குங்கள். 1929ஆம் ஆண்டுத் தீயில் உள்ளே எல்லாம் எரிந்தபோதும் தப்பி நின்ற முகப்பு இது. அதில் ஸ்பானியப் படையின் முற்றுகையைப் பற்றிய கல்வெட்டுக் கவிதை ஒன்று உண்டு: கரிய பஞ்சத்தில் ஏறக்குறைய ஆறாயிரம் பேர் மாண்டபின், இறைவன் மனமிரங்கி, விரும்பிய அளவு ரொட்டியை மீண்டும் தந்தான் என்பது அதன் கருத்து. தனித்துக் காட்டப்பட்ட எழுத்துகளை மட்டும் ரோமானிய எண்களாகக் கொண்டு கூட்டுங்கள். எம் ஒன்று 1000. சி நான்கு 400. எல் இரண்டு 100. இரட்டை வி ஆகிய டபிள்யூ நான்கு 40. வி ஆறு 30. ஐ நான்கு 4. மொத்தம் 1574, முற்றுகை நீங்கிய ஆண்டு. அணைகளை உடைத்து வயல்களில் நீரைப் பாயவிட்டு, அதன்மேல் படகுகளில் வந்தவர்கள் அக்டோபர் 3 அன்று நகரை மீட்டார்கள். அந்நாளில் இன்றும் இங்கு ஹெரிங் மீனும் வெள்ளை ரொட்டியும் வழங்கப்படுகின்றன. என்னைக் கேட்டால், நகரின் முதன்மையான சுவர்க்கவிதை இதுதான்.

படி 6: கோர்ன்பிரக் பாலத்தைக் கடந்து, செயற்கை மேட்டின்மேல் வட்ட மதிலோடு நிற்கும் பர்க்ட் கோட்டையில் ஏறுங்கள். கட்டணம் இல்லை. மதிலைச் சுற்றி நடந்தால் நகரின் கூரைகள் முழுவதும் தெரியும். புதன், சனிக்கிழமைகளில் கீழே ஆற்றங்கரையில் சந்தை கூடுவதால், கூட்டத்தை விரும்பாதவர்கள் வேறு நாளில் வருவது நல்லது.