கொழும்புக்குப் புதிதாக வந்தவர்கள் பணம் வரவழைக்கும் முன் ரேட்டைக் கேளுங்கள்

வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்குகிற ஒரு லேனில் வீடு பார்த்தாகிவிட்டது, வீட்டுக்காரம்மா ஆறு மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்கிறார், முதல் சம்பளம் வர இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வருகிற நம்மில் பலர் இந்த அவசரத்தில்தான் முதல் தடவையாக வெளிநாட்டிலிருந்து பணம் வரவழைக்கிறோம், எந்த ரேட்டில் மாற்றினார்கள் என்று கேட்பதே இல்லை.

எனக்கு அமெரிக்காவில் இருக்கும் அண்ணன் ஆயிரம் டாலர் அனுப்பினார். ‘ஃபீஸ் கிடையாது’ என்று திரையில் போட்டிருந்ததால், அங்கேயே இலங்கை ரூபாயாக மாற்றி அனுப்பிவிட்டார். பணம் வந்ததும் அன்றைய தேதியில் என்னுடைய கொழும்பு வங்கி டாலருக்கு என்ன கொடுத்தது என்று பார்த்தேன், ஒரு டாலருக்கு ஆறு ரூபாய் குறைவாகக் கிடைத்திருந்தது. ஆறாயிரம் ரூபாய் போய்விட்டது, ஃபீஸ் வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வாங்கியிருக்க மாட்டார்கள். அதனால் கட்டணம் எவ்வளவு என்பதோடு நிறுத்தாதீர்கள். ‘இத்தனை டாலர் அனுப்பினால் கொழும்பில் எத்தனை ரூபாய் கையில் வரும்?’ என்று கேளுங்கள், ஒவ்வொரு இடத்திலும் அதே கேள்வியைக் கேட்டு, வருகிற எண்ணை மட்டும் ஒப்பிடுங்கள்.

இங்கே வங்கி வாசலில் இருக்கும் போர்டில் ஒரே டாலருக்கு நாலு விலை இருக்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். கையில் நோட்டாகக் கொடுப்பதற்கு ஒரு ஜோடி, கணக்குக்கு வருகிற பணத்துக்கு டி.டி. என்று இன்னொரு ஜோடி. (இந்த டி.டி. டெலிகிராபிக் டிரான்ஸ்ஃபர். நம்ம ஊர் டிமாண்ட் டிராஃப்ட் இல்லை.) பணம் உங்களுக்கு வரும்போது வங்கி டாலரை வாங்குகிறது, அதனால் ‘டி.டி. பையிங்’ பார்க்க வேண்டும். ஊருக்கு அனுப்பும்போது வங்கி உங்களுக்கு டாலரை விற்கிறது, அப்போது ‘டி.டி. செல்லிங்’. இரண்டுக்கும் நடுவே ஏழெட்டு ரூபாய் இடைவெளி இருப்பது இங்கே சாதாரணம். இலங்கை மத்திய வங்கியின் இணையதளத்தில் தினமும் வங்கிகளின் சராசரி ரேட்டைப் போடுகிறார்கள், காலையில் அதை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் உங்கள் வங்கி சொல்வது நியாயமா இல்லையா என்று தெரிந்துவிடும்.

டாலர் அனுப்புகிறவரிடம் டாலராகவே அனுப்பச் சொல்லுங்கள், இலங்கை ரூபாயாக மாற்றுவது பெரும்பாலும் இங்கே செய்தால்தான் நல்லது. வெளிநாட்டு வங்கிகளுக்கு இலங்கை ரூபாய் அரிதான சரக்கு, அதனால் விலையைத் தாராளமாகவே ஏற்றிக்கொள்வார்கள். ஆனால் டாலராக வரும் பணம் வழியில் இன்னொரு வங்கி வழியாக வந்தால் அதுவும் ஒரு வெட்டு வெட்டும், ஆயிரம் அனுப்பினால் உங்கள் கணக்கில் தொள்ளாயிரத்து எழுபத்தைந்து வந்து நிற்கும். அப்படி வந்தால் அனுப்பியவரின் வங்கியிலிருந்து, பணம் அனுப்பிய விவரம் இருக்கும் ஸ்விஃப்ட் தாளை (முன்பு எம்.டி.103 என்பார்கள்) வாங்குங்கள். யார் எவ்வளவு பிடித்தார்கள் என்பதைத் தேட அதிலிருந்துதான் தொடங்க முடியும். அதைவிட, அனுப்பும்போதே எல்லாக் கட்டணத்தையும் அனுப்புகிறவர் ஏற்பதா, பகிர்ந்துகொள்வதா என்று பேசி முடிவு செய்துவிடுங்கள்.

தொகை பெரிதாக இருந்தால் போர்டில் இருக்கும் ரேட்டுக்கு அப்படியே தலையாட்ட வேண்டியதில்லை. இது பலருக்குத் தெரியாது. ஐயாயிரம் டாலர் வந்தபோது நான் கவுண்டரில் இருந்த பெண்ணிடம், “மிஸ், கொஞ்சம் கூட்டித் தர முடியுமா என்று ட்ரெஷரியில் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றேன். (ட்ரெஷரி என்பது வங்கிக்குள் டாலர் ரேட்டைப் பார்க்கும் பிரிவு.) போனை எடுத்தார், சிங்களத்தில் இரண்டு வார்த்தை பேசினார், ஒரு துண்டுத் தாளில் புது எண்ணை எழுதி என் பக்கம் நகர்த்தினார். டாலருக்கு எழுபத்தைந்து சதம், அதாவது முக்கால் ரூபாய் கூட. மொத்தத்தில் மூவாயிரத்து எழுநூற்று ஐம்பது ரூபாய், இரண்டு நிமிட வேலை. இங்கே கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை, தயங்காமல் கேளுங்கள்.

இந்தியாவிலிருந்து வருகிற பணத்துக்குப் பெரும்பாலும் இரண்டு வெட்டு. அங்கே இந்திய ரூபாய் டாலராகிறது, இங்கே டாலர் இலங்கை ரூபாயாகிறது. அதனால் சின்னச் சின்னதாக நாலு தடவை அனுப்புவதைவிட ஒரே தடவையாக அனுப்பினால் கட்டணமாவது மிச்சம். அனுப்புகிறவர் ஒரு நிதியாண்டில் 10 லட்சம் இந்திய ரூபாயைத் தாண்டினால் டி.சி.எஸ். என்று வரியை முன்கூட்டியே பிடிப்பார்கள், அதை அவருடைய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். கொழும்பில் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஸ்டேட் வங்கி மூன்றுக்கும் கிளைகள் இருக்கின்றன, ஊர் வங்கி என்பதற்காக ரேட் நன்றாக இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள், அங்கேயும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

அப்புறம் உண்டியல், அதாவது வங்கி இல்லாமல் ஆள் மூலம் பணம் மாற்றுவது. வந்த ஒரு மாதத்துக்குள் யாராவது சொல்வார்கள், “வங்கியைவிடக் கூடத் தருவாங்க, ஒரு போன் போதும்” என்று. 2022 மார்ச்சுக்கு முன்னால் டாலரை 200 ரூபாய் அளவில் பிடித்து வைத்திருந்தார்கள், வெளியே அதைவிட நிறையக் கிடைத்தது. அந்தப் பேச்சு அங்கிருந்து வந்தது. பிறகு ரூபாயை அதன் போக்கில் விட்டுவிட்டார்கள், மே மாதத்துக்குள் டாலர் 360 பக்கம் போனது. இன்றைக்கு அந்தப் பெரிய வித்தியாசம் இல்லை. சட்டத்துக்குப் புறம்பானது என்பது ஒரு பக்கம், பணம் வரவில்லையென்றால் எங்கே போய்ச் சொல்வீர்கள்? நாளைக்கு ஊருக்குத் திரும்பும்போது சேமிப்பை எடுத்துப்போக வங்கி பணம் வந்த வழியைக் கேட்கும், காட்ட ஒரு தாள்கூட இருக்காது. அதனால் ஒவ்வொரு தடவை பணம் வரும்போதும் வங்கி தருகிற அட்வைஸ் தாளை, வேலை ஒப்பந்தம், விசா நகலோடு ஒரே ஃபைலில் வையுங்கள்.

முதல் வாரம் ஊர்க் கார்டை வைத்து ஏ.டி.எம்.மில் எடுக்கிறவர்களுக்கு ஒன்று. இந்திய ரூபாயில் கணக்கு வைக்கட்டுமா என்று சில மெஷின்கள் கேட்கும், எண்ணையும் காட்டும், பார்க்க வசதியாகத்தான் இருக்கும். வேண்டாம் என்று அமுக்கி, இலங்கை ரூபாயிலேயே எடுங்கள்.