காவல் பரண் கயிற்றை மரத்திலேயே விட்டுவிடலாமா?

ராகி கதிர் பிடிக்கும்போது தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, ஜவளகிரிப் பக்கமும், பாலக்கோடு, பென்னாகரம் காட்டோரமும் மரங்களில் பரண் ஏறிவிடும். யானைக்கும் பன்றிக்கும் காவல் இருக்க தினமும் ஏறி இறங்க வேண்டும் என்பதால் கயிற்றைக் கட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். அறுப்பு முடிந்த பிறகும் அது அவிழ்வதில்லை. பங்குனி, சித்திரை வெயில் முழுக்கக் காய்ந்து, அடுத்த மழையில் நனைந்து, மறு ஐப்பசியில் அதே கயிற்றைப் பிடித்து ஆள் ஏறுகிறார். இதைத்தான் வேண்டாம் என்கிறோம். ஆள் எடையைத் தாங்கும் கயிறு காவல் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வெளிநாடுகளில் மரமேடையில் உட்கார்ந்து மான் வேட்டையாடுபவர்களுக்கும் இதே விதிதான். இங்கே வேட்டை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பரண் காவலுக்கு மட்டும்.

முதலில் கையில் இருப்பது என்ன கயிறு என்று தெரிய வேண்டும். கடையில் நைலான் என்று சொல்லித் தரும் நீல, பச்சை, மஞ்சள் கயிறு பெரும்பாலும் நைலானே அல்ல. ஒரு சாண் வெட்டித் தண்ணீர் வாளியில் போட்டு, உள்ளே இருக்கும் காற்று போகும்படி நன்றாகப் பிசைந்துவிடுங்கள். மிதந்தால் அது பாலிபுரோப்பிலீன் அல்லது அதைப் போன்ற பிளாஸ்டிக். வெயிலுக்கு மிக மோசமான சரக்கு அதுதான். ஆள் ஏற ஒருபோதும் வேண்டாம். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும். இரண்டில் பாலியஸ்டர் வெயிலைக் கூடுதலாகத் தாங்கும். நைலான் நனைந்தால் பலத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழக்கும். வாங்குவதாக இருந்தால், உறையும் உள்கருவும் உள்ள 11 மி.மீ. கயிறு வாங்குங்கள். ஈஎன் 1891 (EN 1891 என்ற ஐரோப்பியத் தரக் குறி), ஏ வகை என்று அச்சிட்டிருந்தால், புதிதில் சுமார் 2,200 கிலோ இழுப்பைத் தாங்கும். முடிச்சு போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விடலாம்.

கயிறு கெடுவது பெரும்பாலும் கீழே நின்று பார்த்தால் தெரியாத இடத்தில்தான். கிளைக்கவட்டையில் கயிறு வளையும் ஒரு முழம் இருக்கிறதே, காற்றடிக்கும்போதெல்லாம் அது புளியம்பட்டையின் சொரசொரப்பில் ரம்பம் போல அறுபடும். அந்த மடிப்பில் செம்மண் தூசி சேர்ந்து, மழையில் இழைகளுக்குள் இறங்கி, உள்ளேயே நறுக்கும். மரமும் பெருக்கும், இறுகக் கட்டிய கயிறு பட்டைக்குள் புதைந்துவிடும். அணில் கடித்த இடமும் பெரும்பாலும் மேல்பக்கத்தில்தான் இருக்கும்.

இன்னொன்றைப் பலரும் நினைப்பதில்லை. சோலார் வேலியின் பேட்டரி இருக்கும் இடத்தில் கயிற்றைச் சுருட்டி வைக்காதீர்கள். ஆசிட் பட்டால் நைலான் நூலாக உதிரும். நிறம் மாறாமலே கெட்டிருக்கவும் கூடும்.

தினமும் புதிதாகக் கயிறு எறிய முடியாது என்பது உண்மைதான். அதற்கு வழி, மெல்லிய இழுகயிறு. 20 அடி உயரக் கவட்டைக்கு 3 அல்லது 4 மி.மீ. பாலியஸ்டர் கயிறு 45 அடி போதும். கவட்டையின் மேல் போட்டு, இரு முனையையும் கீழே சேர்த்து முடிந்து விடுங்கள். மரத்தில் தங்குவது இது மட்டும்தான். இதைப் பிடித்து யாரும் ஏறப் போவதில்லை. அறுந்தாலும் ஆள் விழமாட்டார்.

மாலையில் இந்த முடிச்சை அவிழ்த்து, பெரிய கயிற்றின் முனையை ஒரு நுனியில் கட்டி, மறு நுனியை இழுத்துக் கவட்டையைத் தாண்டிக் கீழே கொண்டுவாருங்கள். பிறகு இழுகயிற்றைக் கழற்றிவிடுங்கள். பெரிய கயிற்றின் ஒரு முனையில் எட்டு வடிவ முடிச்சில் வளையம் போட்டு, மறுபக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்தால் வளையம் மேலே போய்க் கவட்டையை இறுக்கிக்கொள்ளும். வளையம் மேலே போகுமுன் இழுகயிற்றை அதில் கட்டிவிட மறக்காதீர்கள். காலையில் அதை இழுத்துத்தான் வளையத்தை இறக்க வேண்டும். வளையம் இறங்கியதும் மறுபக்கக் கயிற்றை அதிலிருந்து உருவி, அதன் நுனியில் இழுகயிற்றைக் கட்டி, பெரிய கயிற்றை இழுங்கள். அது கீழே வர, இழுகயிறு மறுபடி கவட்டையில் ஏறிவிடும். கவட்டை தொடைப் பருமனுக்குக் குறையாமல், பச்சை மரமாக இருக்கட்டும்.

ஏணியில் ஏறினாலும் பாதுகாப்பு பெல்ட்டை (தோளையும் தொடையையும் சேர்த்துப் பிடிக்கும் ஹார்னஸ்) இந்தக் கயிற்றில் 8 மி.மீ. கயிற்றால் போட்ட புருசிக் முடிச்சால் (பெரிய கயிற்றைச் சுற்றிப் போடுவது; கையால் தள்ளினால் நகரும், எடை விழுந்தால் இறுகும்) மாட்டி, முடிச்சைத் தலைக்கு மேலேயே தள்ளிக்கொண்டு போங்கள். இந்தக் கயிறு அதிகம் நீளாது. தொய்வு விட்டு விழுந்தால் உடம்புதான் அடி வாங்கும். புருசிக் கயிறு மெல்லியது என்பதால் வெயிலில் இன்னும் சீக்கிரம் போகும். அதையும் கழற்றி வாருங்கள்.

ஒவ்வொரு முறையும் கயிறு முழுவதையும் விரலுக்குள் உருவிப் பாருங்கள். ஓரிடத்தில் மெத்தென்றோ தட்டையாகவோ இருந்தால் உள்கரு போய்விட்டது. முறுக்குக் கயிறானால் புரியைப் பிரித்து உள்ளே பாருங்கள். வெளியே வெளுத்து உள்ளே நிறம் அப்படியே இருந்தால் வெயில் தின்றிருக்கிறது. நகத்தால் சுரண்டும்போது பொடியோ மயிரோ உதிர்ந்தால் அந்தக் கயிறு முடிந்தது. தரையிலிருந்து இரண்டு பேர் தொங்கிப் பார்ப்பதும் நல்லதுதான், ஆனால் அது படுமோசமான கயிற்றை மட்டுமே காட்டிக் கொடுக்கும்.

பரண் கட்டைகளைக் கட்டிய கயிறு மரத்தில்தான் இருந்தாக வேண்டும். அதனால் கட்டையை எப்போதும் கவட்டையின் மேல் உட்கார வையுங்கள். எடையை மரம் தாங்கட்டும், கயிறு நகராமல் பிடித்தால் போதும். ஒவ்வொரு மூலைக்கும் தனித்தனியாக இரண்டு கட்டு. ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் வெட்டிவிட்டுப் புதிதாகக் கட்டுங்கள்.

சேறு படிந்தால் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் காயப் போடுங்கள், பாறை மேல் வேண்டாம். உரச் சாக்கில் வைக்காமல் துணிப்பையில் போட்டு, எலி ஏறாத தகர டின்னில் வையுங்கள். கழித்த கயிற்றை முழுசாகத் தூக்கிப் போட்டால் வேறு யாராவது எடுத்து ஏறிவிடுவார்கள்; இரண்டடித் துண்டுகளாக வெட்டிய பிறகே வீசுங்கள்.