ஆடிக் காற்றில் பரிசலும் வலையும்

கிருஷ்ணகிரி அணையில் ஆடி மாதம் வெயில் ஏற ஏறத் தென்மேற்குக் காற்றும் ஏறும். வலை விடுகிறவர்கள் இந்தக் காற்றோடு சண்டை போடாமல் அதையே வேலைக்காரனாக வைத்துக்கொள்ளலாம்.

பரிசலுக்கு முன்பக்கம், பின்பக்கம் கிடையாது. தண்ணீரைப் பிடித்து நிறுத்த அடியிலும் ஒன்றும் இல்லை. காற்று தள்ளினால் சுற்றிக்கொண்டேதான் போகும். அதனால் பின்பக்கத்தை நாம்தான் உண்டாக்க வேண்டும். துடுப்புக்காரர் போகும் திசையைப் பார்த்து விளிம்பை ஒட்டி உட்காரட்டும். வலை, கல் எல்லாம் எதிர்ப்பக்கம். பின்பக்கம் ஒரு விரற்கடை கூடுதலாக அமிழ்ந்திருந்தால் நல்லது. துடுப்பை எட்டிப் போட்டுத் தன் பக்கம் இழுக்க வேண்டும். மூக்கு இடப்பக்கம் திரும்பினால் அடுத்த இழுப்பை வலப்பக்கம் தள்ளிப் போடுங்கள், நேராகிவிடும்.

காற்று பலமாக இருந்தால் 10 லிட்டர் வாளி ஒன்றை 15 அடிக் கயிற்றில் கட்டிப் பின்னால் விடுங்கள். வேகமும் குறையும், சுற்றலும் நிற்கும். கயிற்றை ஒற்றை மூங்கில் பட்டையில் கட்டாதீர்கள். வெட்டி இழுக்கும்போது பட்டை முறிந்து அடிப்பாயைக் கிழிக்கும். விளிம்பில் பட்டைகள் சேர்த்துப் பின்னிய இடத்தைச் சுற்றிக் கட்டுங்கள்.

வலை விடும் இடம் வந்ததும் வாளியைத் தூக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வலையோடு சிக்கும். முதல் முனையில் 4 கிலோ கல்லும் ஒரு மிதவை கேனும் கட்டுங்கள். ஆழம் 20 அடி என்றால் கல் கயிறு 30 அடி வேண்டும். அளவாக வைத்தால் அலை கேனைத் தூக்கும்போது கல்லும் எழும்பி நகரும். கல்லைப் போட்டபின் துடுப்பை வைத்துவிடலாம். காற்று பரிசலைத் தள்ளிக்கொண்டு போக, வலை தானாக இறங்கும்.

இங்கே முக்கியமானது ஒன்று: வலை காற்று வரும் பக்கத்து விளிம்பு வழியாகத்தான் இறங்க வேண்டும். மறுபக்கம் விட்டால் பரிசல் வலைமேல் ஏறும், கண்ணி மூங்கில் முனையில் மாட்டும். ஈயக் குண்டுக் கயிற்றை ஒருவர் கையில் நழுவவிட, மற்றவர் மிதவைக் கயிற்றைப் பார்க்கட்டும். இருவரும் உட்கார்ந்தே இருங்கள். நிற்கிற ஆள் காற்றுக்குப் பாய் விரித்த மாதிரி.

எடுக்கும்போது காற்று போகும் பக்கத்து முனையில் தொடங்குங்கள். வலையைக் கைமாற்றி இழுக்க இழுக்கப் பரிசல் காற்றை எதிர்த்து முன்னேறும். காற்று வரும் பக்கத்து முனையில் தொடங்கினால் வலை தொய்ந்து அடியில் போய்விடும். பிறகு ஜிலேபி மீனை அல்ல, முடிச்சைத்தான் எடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

உயிர்காப்பு உடை இல்லாமல் இறங்க வேண்டாம். காற்று மிஞ்சினால் எதிர்க்கரையில் ஒதுங்கிவிட்டு, பரிசலைத் தலையில் கவிழ்த்துக் கரையோடு நடந்து வாருங்கள். அப்போதும் காற்று வரும் பக்கத்து விளிம்பைத் தாழ்த்திப் பிடியுங்கள். அடியில் காற்று புகுந்தால் ஆளையும் சேர்த்துத் தூக்கிப் போடும்.